கற்பிட்டித் தூணும் நான் அழித்த அளவும்

மூன்று வருடங்களுக்கு முன், மாரி மழை பிடித்துக்கொண்ட நாட்களில், கற்பிட்டி நகரத்தில் நடந்தது இது. நான் சிலாபத்தைச் சேர்ந்தவள். கட்டடங்களுக்குப் படம் கீறுவது என் தொழில். புதுக் கட்டடங்களுக்கு மட்டுமல்ல, பழையவற்றையும் அங்குலம் அங்குலமாக அளந்து, உள்ளது உள்ளபடி கீறிக் கொடுப்பேன். இடிந்து போனாலும், மாற்றிக் கட்டினாலும், இப்படி ஒன்று இருந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சியாக இருக்கும்.

அந்த வருடம் கொழும்பிலுள்ள ஒரு கட்டடக் கலைஞர் எனக்குத் தந்த வேலை, கற்பிட்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன வீடு. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. கடலில் எடுத்த முருகைக்கல்லால் ஆன சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பாசி பிடித்த ஓடு. ஒல்லாந்தர் காலத்தில் பண்டசாலையாகக் கட்டியதாம். உள்ளே முன்கூடத்துக்குள் போனால்தான் வாய் பிளக்க வேண்டும். கூரையைத் தாங்கி நின்ற நான்கு கல் தூண்களும் அந்தக் கட்டடத்துக்குச் சொந்தமானவை அல்ல. பல நூறு வருடம் முந்திய வேறேதோ பெரிய கட்டடத்தில் நின்றவை. அது இடிந்தபிறகு யாரோ கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பூவும் கொடியுமாகச் செதுக்கு வேலை. அதில் ஒரு தூணை மட்டும் தலைகீழாக நிறுத்திவிட்டார்கள். அதில் செதுக்கியிருந்த அன்னப் பறவை தலை கீழாகவும் கால் மேலாகவும் நின்றது. வீட்டுக்காரர்கள் அதைக் 'கவிழ்ந்த வாத்து' என்பார்கள். எனக்கு அந்தத் தூண்மேல் ஒரே காதல். கொப்பியில் அதற்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கினேன்.

அந்த வீட்டில் இருந்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. மூத்த சகோதரியை அங்குள்ள முஸ்லிம்கள் ராத்தா என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வீடு அவருடைய கணவரின் குடும்பச் சொத்து. கணவர் பக்கத்து ஊரான கண்டக்குழியில் வள்ளங்களுக்கு இன்ஜின் திருத்துகிறவர். ராத்தா முன்கூடத்தில் தையல் வகுப்பு நடத்தினார். ஆறு மெஷின், ஒன்பது பெண்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் நான்கு மணிவரை அந்தத் தூண்களுக்கு நடுவே மெஷின் சத்தம் ஓயாது.

முதல் நாள் நான் டேப்பை எடுத்தபோதே ராத்தாவின் முகம் மாறியது. பால் விடாத ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உள்ளதச் சொல்லுங்க. இத அளந்து முடிச்சா எங்கள ஊட்ட உட்டு எழும்பச் சொல்லுவாங்களா?"

"இல்ல ராத்தா. இப்படி ஒரு கட்டடம் இருக்குன்னு பதிஞ்சு வைக்கத்தான். உங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க."

பிறகுதான் மற்றவர்கள் சொல்லி அறிந்தேன். போர்க்காலத்தில், தொண்ணூறாம் வருடம் மன்னாரிலிருந்து முஸ்லிம் சனங்களை வெளியேற்றியபோது ராத்தாவுக்கு ஒன்பது வயது. உடுத்த உடுப்போடு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். அகதிக் கொட்டிலில் வளர்ந்து, அந்த ஊரிலேயே கலியாணம் முடித்து, இந்த வீட்டுக்கு வந்தவர். அவருடைய பயத்துக்கு என்ன காரணம் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் டேப்பை விரிக்கும்போது அவருடைய கண்ணைப் பார்க்காமல்தான் விரிப்பேன்.

முதல் தடவை இரண்டு நாள் நின்று முழு வீட்டையும் அளந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து, செதுக்கு வேலைகளை விவரமாகக் கீறுவதற்காகத் திரும்பவும் போனேன். அன்றைக்குத்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

கவிழ்ந்த வாத்துத் தூணின் உச்சிக்கும் பக்கச் சுவருக்கும் இடையே உள்ள தூரம், முதல் தடவை நூற்று முப்பத்து நான்கு சென்ரிமீற்றர் என்று எழுதியிருந்தேன். இரண்டாம் தடவை தற்செயலாகத் திரும்ப அளந்தபோது நூற்று முப்பத்தொன்று என்று வந்தது. சுவர்ப் பக்கம் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவள் வகுப்புக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நானே முடிவெடுத்துக்கொண்டேன். எழுதிய நூற்று முப்பத்தொன்றை றப்பரால் அழித்துவிட்டுப் பழைய அளவையே விட்டுவிட்டேன். திரும்ப ஒருக்கா அளந்திருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. கற்கள் நிற்கிற இடத்தில் நிற்கும், மனிதர்கள்தான் பிழை விடுவார்கள் என்ற எண்ணம் வேறு.

நான்கு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, சிலாபத்தில் என் வீட்டில் கொம்பியூட்டரின் முன் உட்கார்ந்து படத்தை முடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூணின் உச்சியிலுள்ள பூவைக் கீறுவதற்காக இரண்டு தடவையும் எடுத்த போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூரையைத் தாங்கும் பெரிய உத்திரத்தின் முனை அந்தத் தூணின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. முதல் போட்டோவில் உத்திரம் பூவின் நடுப்பகுதிக்குக் கிட்ட வந்து முடிந்தது. இரண்டாவது போட்டோவில் அதற்குச் சற்று முன்பாகவே முடிந்தது. உத்திரத்தின் முனைக்குப் பக்கத்தில், சுண்ணாம்பு படாத கறுத்த கல் ஒரு கோடாகத் தெரிந்தது. இத்தனை வருடம் உத்திரத்துக்கு அடியில் மறைந்திருந்த கல்.

உத்திரம் நகரவில்லை. தூண்தான் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் டேப்பைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். நான் அழித்ததுதான் சரியான அளவு.

முதல் தடவை உத்திரம் ஒன்பது சென்ரிமீற்றர் தூணில் ஏறி இருந்தது. மூன்று போனால் ஆறு. அதற்குப் பிறகு நான்கு நாள், நான்கு நாளும் விடாத மழை. சுவருக்கு மற்றப் பக்கத்து வளவில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்ததும், மண் குவியலாகக் கிடந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குழியைப் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் அவருக்குப் போன் கேட்காது. ஆறேழு தரம் முயன்றேன். பிறகு கொழும்புக் கட்டடக் கலைஞருக்கு எடுத்தேன். அவர் நிதானமான மனிதர். போட்டோ எடுத்த கோணம் மாறியிருக்கலாம், சனங்களைச் சும்மா பயப்படுத்த வேண்டாம், திங்கட்கிழமை பொறியியலாளரோடு வருகிறேன் என்றார். அளவை அழித்த கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. வெட்கம். அதைச் சொல்லியிருந்தால் அவர் திங்கட்கிழமை என்று சொல்லியிருக்க மாட்டார்.

உண்மையைச் சொல்வதென்றால், அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிடம் நானும் ஆறுதல்பட்டேன். திங்கட்கிழமை என்றால் பொறுப்பு என் கையில் இல்லை. பிறகு அந்த ஒன்பது பெண்களும் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் போட்டோ ஒன்று திரையில் வந்தது. மூன்று பேருடைய மெஷின் சரியாக அந்த உத்திரத்துக்குக் கீழே. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சிலாபத்திலிருந்து புத்தளம் பஸ். பாலாவிச் சந்தியில் இறங்கியபோது கற்பிட்டி பஸ் வெளிக்கிட்டு ஓடத் தொடங்கியிருந்தது. சேற்றுக்குள்ளால், லொறிகளுக்கு நடுவே, கையைக் காட்டிக்கொண்டு ஓடினேன். கண்டக்டர் மணி அடித்து நிறுத்தி, கையைப் பிடித்து ஏற்றினார். உப்பளங்கள் எல்லாம் மழைத் தண்ணீரில் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. ஒவ்வொரு தரிப்பிலும் பஸ் நின்று மீன் கூடை ஏற்றும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. வழி முழுக்க மாதாவிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு போனேன்: நான் போய்ச் சேரும்வரை அந்தத் தூண் நிற்கட்டும்.

கற்பிட்டியில் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். தெருவுக்குள் திரும்பியதும் மெஷின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கறுத்த கோடு இன்னும் அகன்றிருந்தது.

"ராத்தா, எல்லாரும் வெளியே வரணும். இப்பவே."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ராத்தா துணியைக் கீழே வைக்கவில்லை. "யாரு அனுப்பின உங்கள?"

"யாரும் அனுப்பல்ல. இந்தத் தூண் சாயுது. கூரை விழப்போகுது."

ராத்தா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "அண்டைக்கு இந்த எடத்திலதான் சொன்னீங்க, யாரும் எழுப்ப மாட்டாங்கண்டு. இப்ப நீங்களே வந்து வெளிய போங்கண்டு சொல்றீங்க. ஒம்பது வயசில ஒருக்கா கேட்டுட்டேன் தங்கச்சி அந்தச் சொல்ல. இனி என்ட ஊட்டுக்குள்ள வந்து யாரும் அதச் சொல்ல வாணாம்."

அவர் நினைத்தது நியாயம்தான். பழைய கட்டடம், ஆபத்தான கட்டடம் என்று சொல்லித்தானே ஆட்களை வெளியேற்றுவார்கள். இன்னும் பெரிய சொற்கள் சொல்லி அவரைப் பயப்படுத்தலாம். ஆனால் அவர் நம்ப வேண்டியது என்னை. என்னை நம்புவதற்கு நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தேன். றப்பரால் அழித்த இடம் ஊத்தையாக இருந்தது. உற்றுப் பார்த்தால் பென்சில் தடம் தெரியும்.

"ராத்தா, நான் பிழை விட்டுட்டேன். போன கிழமையே இது மூணு சென்ரிமீற்றர் அசைஞ்சிருந்திச்சு. டேப் காட்டினதை நான் நம்பல்ல. இந்தப் பிள்ளை சரியாப் பிடிக்கல்லன்னு நினைச்சு அழிச்சுட்டேன். அழிக்காம இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க என்னை நம்ப வேணாம். நீங்களே அளந்து பாருங்க."

ராத்தா கொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் டேப்பை வாங்கவில்லை. தன் கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை உருவினார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். அந்தச் சிரிப்புக்காரப் பெண் மற்றக் கதிரையில் ஏறிச் சுவரில் முனையைப் பிடித்தாள். அந்த இருவரும் நின்றது சரியாக அந்த உத்திரத்தின் முனைக்குப் பக்கத்தில்.

"நூத்தி இருபத்தேழு," என்றார் ராத்தா.

தைக்கிறவர்களுக்கு அளவைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை. நூற்று முப்பத்து நான்கு, நூற்று முப்பத்தொன்று, நூற்று இருபத்தேழு. ஒன்பதில் ஏழு போய்விட்டது. அந்தக் கனத்த உத்திரம் இரண்டு சென்ரிமீற்றரில், ஒரு பெருவிரல் அகலத்தில், தொங்கிக்கொண்டிருந்தது.

ராத்தா கதிரையிலிருந்து மெதுவாக இறங்கினார். பிறகு அவர்தான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"மெஷின விடுங்க. எல்லாரும் வெளிய போங்க. ஓடாதீங்க, மெதுவாப் போங்க."

முற்றத்து வேப்பமரத்தடியில் எல்லோரும் போய் நின்றோம். மெஷின் வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை, அதையாவது எடுத்துவிடுகிறேன் என்று பெண்களில் ஒருவர் திரும்ப உள்ளே போகப் பார்த்தார். ராத்தா இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை. கண்டக்குழிக்கு ஆள் அனுப்பி அவருடைய கணவரை வரவழைத்தோம். அண்ணன் முறையில் நான் ‘நானா’ என்று கூப்பிடும் அவர், வரும்போதே ஒரு மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தார். தென்னங்குற்றிகளை முட்டுக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருந்தார்கள். மேசன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். குற்றியைக் கீழே போட்டார். "இதுக்குள்ள நான் போக மாட்டேன். நீங்களும் போக வாணாம்," என்று சொல்லிவிட்டு, அடுத்த வளவில் குழி வெட்டிக்கொண்டிருந்தவர்களையும் மேலே ஏறச் சொன்னார்.

பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். முதலில் ஒரு ஓடு வழுக்கி விழுந்தது. பிறகு பீங்கான் கோப்பைகளை அடுக்கோடு தட்டிவிட்டதுபோல ஒரு சத்தம். அதன் பிறகு வந்த சத்தம் காதால் கேட்டதா, காலால் உணர்ந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வாசல் வழியாகச் சுண்ணாம்புத் தூசி புகை மாதிரி வெளியே வந்து எங்கள் எல்லோரையும் வெள்ளையாக்கியது.

தூசி அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. ராத்தா ஒவ்வொரு பெண்ணாகப் போய்த் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஒன்பது பேரையும் தொட்டுவிட்டு என்னிடம் வந்து என் தோளையும் தொட்டார். பிறகு நிலத்தில் உட்கார்ந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்போது அந்தச் சிரிப்புக்காரப் பெண் தன் மடியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய கலியாணச் சட்டை ஒன்று, ஊசியும் குத்தியபடி, அவள் கையோடு வெளியே வந்திருந்தது. "ராத்தா, மாப்புள ஊட்டுக்காரங்க ஏச மாட்டாங்க," என்றாள். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். அழுகையும் சிரிப்பும் தூசியுமாக நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து, வேலிக்கு வெளியே கூடி நின்ற சனங்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

வகுப்பு முடிவது நான்கு மணிக்கு. கூரை விழுந்தது மூன்றரைக்கு.

அடுத்த நாளே கட்டடக் கலைஞர் வந்தார். எல்லாவற்றையும், அழித்த அளவையும் சேர்த்து, அவரிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். கொப்பியின் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "நானும் திங்கட்கிழமை என்று சொன்னேனே," என்றார்.

நிலத்தைத் தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பழைய கட்டடத்தில் அந்தத் தூணின் உச்சியில் ஒரு சின்ன முளை இருந்திருக்கிறது, மேலே வரும் கல்லின் துளையில் பொருந்துவதற்காக. இங்கே தலைகீழாக நிறுத்தியதால் அந்த முளை கீழே போய்விட்டது. அவ்வளவு பெரிய கல், ஒரு கையளவு முளையில், மணலுக்கு மேலே வைத்த ஒரு பலகைக்கல்லில் இத்தனை காலம் நின்றிருக்கிறது. பக்கத்தில் குழி வெட்டி, மழையும் பெய்ய, மணல் இளகிவிட்டது. தலைகீழான அந்த அன்னத்தை ரசித்து நான்கு பக்கம் கீறிய எனக்கு, தலைகீழாக நின்றால் அடியில் என்ன இருக்கும் என்று ஒரு தரமாவது கேட்கத் தோன்றவில்லை.

நல்ல வேளையாக, மற்ற மூன்று தூண்களுக்கும் சேதமில்லை. விழுந்த தூணும் இரண்டு துண்டாகத்தான் உடைந்தது, பொருத்த முடிந்தது. நான் கீறிய படங்களை வைத்துத்தான் கூரையைத் திரும்பப் போட்டார்கள். ஏழு மாதம் பிடித்தது. இரண்டு மெஷின் நசுங்கிவிட்டது, மற்ற நான்கையும் நானாவே திருத்தினார். குடும்பம் தொடர்ந்து அங்கேயே குடியிருக்கலாம் என்று உரிய இடத்திலிருந்து கடிதம் வந்தபோது ராத்தா எனக்குப் போன் எடுத்து அதை முழுதாக வாசித்துக் காட்டினார். நிறுத்தும்போது தூணைப் பழையபடி தலைகீழாகவே நிறுத்துவதா, நேராக்குவதா என்று ஒரு வாதம் வந்தது. இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முறை. ராத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "அது கஷ்டப்பட்டது போதும், இனிக் காலை ஊண்டி நிக்கட்டும்," என்றார். கட்டடக் கலைஞர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். எது எப்படி இருந்தது என்பதற்கு என் படம் இருந்ததே.

திறந்த அன்று நானும் போயிருந்தேன். அந்தச் சிரிப்புக்காரப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு முதலில் எதற்கென்றே விளங்கவில்லை. "நான் சரியாத்தானே புடிச்சேன் மிஸ்," என்றாள், கோபமில்லாமல்.

நான்தான் பத்து உயிரைக் காப்பாற்றினேன் என்று அந்தத் தெருவில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் செய்த பிழையைச் சொல்லிவிட எனக்கு இரண்டரை மணித்தியாலம் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். அது மிச்சமில்லாமலும் போயிருக்கலாம் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், டேப்பின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யாராக இருந்தாலும், அவரைச் சந்தேகப்படுவதற்கு முன் நான் இன்னொரு தரம் அளந்து பார்க்கிறேன்.